கடைத்தெருவில் ஒரு கந்தாங்

வாசக நேயர்களே, உங்கள் வீட்டில் அரிசி அளப்பது எதனால்? சற்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மின்சாரச் சட்டியோடு வந்த பிளாஸ்டிக் குவளையா? எவர்சில்வர் டம்ளரா? அல்லது எங்கள் வீட்டில் இருந்ததைப்போல ஒரு பழைய பால் டின்னா?

எங்கள் வீட்டில் இருந்தது என்றேன். இப்போது இல்லை. அதைத் தூக்கிப் போட்டவள் நான்தான். தோட்டத்து லயத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தபோது, துருப்பிடித்த சாமான்களை எல்லாம் ஒரு சாக்கில் கட்டினேன். அம்மாவின் அரிசி டின்னும் அதற்குள் போயிற்று. அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. "அரிசிக்கு எது வைக்கப் போறே?" என்று மட்டும் கேட்டார். "புது டின் இருக்கும்மா" என்றேன். அந்த ஒரு பதிலுக்காகப் பல வருடம் கழித்து நான் பினாங்கு வரை போய்வர வேண்டியதாயிற்று.

நடந்தது இதுதான். என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். வேலை முடிந்து வந்து, வீட்டிலேயே பலகாரம் செய்து, சொன்னவர்களுக்குக் கொடுப்பாள். போன தீபாவளிக்கு அதிரசம் வேண்டுமென்று நிறையப் பேர் கேட்க, முன்பணமும் வாங்கிவிட்டாள். ஆயாவின் அதிரசம் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். தொலைபேசியில் ஆயாவிடம் பக்குவம் கேட்டாள். எண்பத்து நான்கு வயதான என் அம்மா, நாற்பது வருடம் பால் வெட்டிய கையோடு, கணீரென்று சொன்னார்:

"பச்சரிசி நாலு டின். வெல்லம் ஒரு கட்டி நாலு தாயில். அவ்வளவுதான்டி கண்ணு."

"எவ்வளவு பெரிய கட்டி ஆயா?" என்று பேத்தி கேட்டிருக்கிறாள்!

சிரிக்காதீர்கள். இன்றைய பிள்ளைகளுக்குக் கட்டி என்றால் வெல்லக் கட்டிதானே தெரியும்? நம் நாட்டில் ஒரு காலத்தில் மீனையும் வெங்காயத்தையும் நிறுத்த கட்டி அவர்களுக்கு எங்கே தெரியும்? சிலர் அதைக் காத்தி என்பார்கள். எங்கள் தோட்டத்தில் கட்டிதான். அது எடையின் பெயர் என்று நான் குறுக்கே பேசி விளக்கினேன். அவளும் தேடிப் பிடித்து, ஒரு கட்டி 500 கிராம், தாயில் 50 கிராம், ஆக மொத்தம் வெல்லம் 700 கிராம் என்று எழுதிக்கொண்டாள். டின்னுக்கு, கடையில் வாங்கிய பால் டின்னைக் கழுவி வைத்துக்கொண்டாள்.

அதிரசம் எப்படி வந்தது தெரியுமா? கல்! பல்லிருப்பவர்களும் கடிக்க யோசிக்கும் கல். முன்பணத்தை எல்லாம் திருப்பிக் கொடுத்தாள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. "ஆயாவுக்கு மறந்து போச்சும்மா. தப்பா சொல்லிட்டாங்க" என்றாள். அம்மா அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இரவு படுக்கும்போது, "நான் தப்பா சொல்லலியே" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். வயதானவர்கள் மறந்துபோய்விட்டார்கள் என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!

அம்மா மறக்கவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? டின் இல்லை. டின் இருந்தால் அரிசியை அளந்து, நிறுத்துப் பார்த்துவிடலாம். "டின் எவ்வளவு பெரிசும்மா?" என்றால் கையைக் குவித்துக் காட்டுகிறார். அது எதற்கு உதவும்? ஆனால் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, கேட்காமலே சொன்னார்: "கந்தாங்குக்குப் பதினஞ்சு டின். நாளைக்கு மூணு டின் வீதம் அஞ்சு நாளைக்கு ஓடும்."

சப்பான்காரன் காலத்தில் அரிசியைக் கண்ணில் காணாமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அந்தக் காலம் போனபிறகும் என் பாட்டி அரிசியை எண்ணித்தான் போடுவாராம். கடையிலிருந்து ஒரு கந்தாங் வந்ததும் டின் டின்னாக, தலைதட்டி, வாய்விட்டு எண்ணிப் பானையில் கொட்டுவார். பதினான்கு ஆனால் கடைக்காரரிடம் போய் நிற்பார். சிறுமியாக இருந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கூடவே எண்ணுவாராம். வேறு எது மறந்தாலும் அந்தப் பதினைந்து மறக்குமா?

அப்படியானால் எனக்கு வேண்டியது டின் அல்ல. ஒரு கந்தாங்!

கந்தாங் இருக்கும் இடம் பினாங்குதான் என்று எனக்குப் பட்டது. சுங்கை பட்டாணியில் கொமூட்டர் ரயில் ஏறினேன். பட்டர்வொர்த்தில் இறங்கி, அப்படியே நடந்து ஃபெரிக்குப் போய்விடலாம். நம்மில் பலருக்கு நினைவிருக்கும் பெரிய பழைய ஃபெரி, கார்களை அடுக்கிக்கொண்டு அசைந்து அசைந்து போகுமே, அது இப்போது இல்லை. 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. குளிர்சாதனம் இருக்கிறது. ஆனால் வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடுகிறது. கடலைப் பார்த்து நாலு நினைவு நினைக்க நேரமில்லை.

இருந்தாலும் நினைத்தேன். 1930களில் என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி இந்தக் கடலில்தான் வந்து இறங்கினார். தெற்கே இருக்கும் ஜெரஜாக் தீவில் முதலில் நிறுத்திவைத்து, நோய் நொடி இல்லை என்று பார்த்த பிறகே தோட்டத்துக்கு அனுப்பினார்களாம். அவர் மூட்டையில் ஒரு படி இருந்தது. நம் ஊர்க் கணக்கில் எட்டு ஆழாக்கு ஒரு படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. வாய்ப்பாடு அழகுதான். ஆனால் அங்கேயே ஊருக்கு ஊர் படி வேறு வேறு. இங்கு வந்தால் கந்தாங், சுப்பாக். அந்தப் படி எதற்கும் உதவாமல் கடைசியில் விளக்குத் திரி வைக்கும் பாத்திரமாயிற்று. பாட்டி பால் டின்னுக்கு மாறிய கதை இதுதான்.

கரை இறங்கிச் சற்று நடந்தால் லெபோ பசார். அதை நாம் கடைத்தெரு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பக்கத்தில் லெபோ குவீன். அங்கே 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் கடை ஏறினேன். ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரிய இடமானதிலிருந்து வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சேலைக் கடையும், பாட்டு முழங்கும் கடையும், வடை பொரிக்கும் வண்டியும் அப்படியே இருக்கின்றன. பலசரக்குக் கடைகளில் மட்டும் சாக்கு மூட்டைகள் குறைந்து பொட்டலங்கள் பெருகிவிட்டன. எல்லாவற்றிலும் கிலோ, கிராம். அளப்பதற்கே வேலையில்லை.

மூன்று கடைகளில் கேட்டேன். முதல் கடைப் பையன் கந்தாங் என்பது ஏதோ மசாலா என்று நினைத்துக்கொண்டு உள்ளே தேடப் போய்விட்டான்! நான்காவது கடை ஒரு பாயுடையது. வாசலில் மல்லியும் மிளகாயும் சாக்கில் திறந்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்தது.

"பாய், உங்ககிட்ட கந்தாங் இருக்கா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எந்தக் கந்தாங் அக்கா? சர்க்கார் கந்தாங்கா, பக்தாத் கந்தாங்கா?"

இது எனக்கே புதிது. நோன்புப் பெருநாளுக்கு முஸ்லிம்கள் கொடுக்கும் ஃபித்ரா தருமம் ஒரு பக்தாத் கந்தாங் அரிசிக் கணக்கில்தான். அது 2.6 அல்லது 2.7 கிலோ. பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் கடையில் அளந்த கந்தாங் அதைவிடப் பெரியது. சரியாக ஒரு காலன், அதாவது 4.546 லிட்டர். அதில் நான்கில் ஒன்று சுப்பாக். பெயர் ஒன்று, அளவு இரண்டு. என் மகள் விழுந்த குழியும் இதே போன்றதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"சர்க்கார் கந்தாங்" என்றேன்.

கல்லாப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, ரசீதுகளைச் செருகி வைத்திருந்த ஒரு மர உருளையை எடுத்துக் கவிழ்த்தார். வாயில் பித்தளைப் பட்டை. பக்கத்தில் தேய்ந்துபோன முத்திரை. அவருடைய அத்தா காலத்துச் சாமானாம். வந்த காரியத்தைச் சொன்னேன். அம்மாவின் பெயர் கெட்டுப்போன கதையையும் சொன்னேன். வாடிக்கையாளர் இருவரை நிறுத்திவைத்துவிட்டு, "வாங்க, அளந்துடலாம்" என்று அரிசி மூட்டையை அவிழ்த்துவிட்டார்!

இந்த இடத்தில், நேயர்களே, நீங்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். கந்தாங்கில் அரிசியை மெதுவாகச் சொரிந்து, கோலால் தலை வழித்து, மின்தராசில் கொட்டினோம். 3.70 கிலோ. "இதைத்தான் கெட்ட கடைக்காரன் செய்வான்" என்றார் பாய். அடுத்து, நிரப்பும்போதே கந்தாங்கைத் தரையில் நாலு தட்டுத் தட்டினார். அரிசி இறங்கி இறங்கி இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தது. 3.95 கிலோ! அதே மரம், அதே அரிசி. கால் கிலோ வித்தியாசம். மூன்றாவது முறை, கடையில் அளக்கும் வழக்கமான வேகத்தில் கொட்டி வழித்தார். 3.78. "இதை வைங்க. இதுதான் நியாயமான கை" என்றார்.

அளவை என்பது இடத்தைச் சொல்கிறது. எடை என்பது சரக்கைச் சொல்கிறது. மணிக்கு மணி நடுவே எவ்வளவு காற்று என்பதை அளவை சொல்லாது. அதனால்தான் அரிசியில் கால் கிலோ ஆடுகிறது. மாவில் கேட்கவே வேண்டாம்.

3.78 கிலோவைப் பதினைந்தால் வகுத்தோம். ஒரு டின்னுக்கு 252 கிராம். நாலு டின்னுக்கு 1,008 கிராம். ஒரு கிலோ!

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மாவின் நாலு டின் வேறொன்றுமில்லை, ஒரு கிலோ அரிசி. வழி இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பால் டின் 14 அவுன்ஸ், அதாவது 397 கிராம் பால் பிடித்தது. கெட்டிப் பால் தண்ணீரைவிடக் கனம். அதனால் டின்னின் கொள்ளளவு 305 மில்லி லிட்டர் போலத்தான் வரும். ஒரு காலனை அதனால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய பதினைந்து. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டியின் எண்ணிக்கை எவ்வளவு சுத்தம் பாருங்கள்! இப்போது நம் கடைகளில் கிடைக்கும் டின்னோ 500 கிராம் பிடிக்கிறது. அதில் நாலு டின் அரிசி ஒன்றேகால் கிலோவைத் தாண்டிவிடும். "புது டின் இருக்கும்மா" என்று நான் சொன்ன பதில் நினைவிருக்கிறதல்லவா?

நீங்கள் கேட்கலாம்: டின் பெரிதானால் என்ன, எல்லாமே பெரிதாகத்தானே போகும் என்று. அரிசியும் வெல்லமும் இரண்டுமே டின்னால் அளந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. குவளையோ குடமோ, நாலுக்கு மூன்று என்றால் எந்தப் பாத்திரத்திலும் நாலுக்கு மூன்றுதான். ஆனால் அம்மா அரிசியை டின்னால் அளந்தார். வெல்லத்தைக் கடையில் டாச்சிங் கோலில் நிறுத்து வாங்கினார். ஒன்று அளவை, மற்றது எடை. டின் மாறியதும் அரிசி மட்டும் கூடிற்று. வெல்லம் நின்ற இடத்திலேயே நின்றது.

நின்ற இடத்தில்கூட நிற்கவில்லை! கட்டிக்கு வருகிறேன். நம் மலாயாக் கட்டி ஒன்றே முக்கால் ராத்தலா, ஒன்றரை ராத்தலா என்று எனக்கே ஐயம் இருந்தது. பாய் உடனே சொன்னார், ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். அதாவது 604.8 கிராம். பதினாறு தாயில் ஒரு கட்டி. ஒரு தாயில் 37.8 கிராம். நூறு கட்டி ஒரு பிக்குல். என் மகள் எழுதிவைத்திருந்த 500 கிராம் எங்கிருந்து வந்தது? அது சீனப் பெருநாட்டுக் கட்டி. அங்கே கட்டியை அரைக் கிலோவாகவும், தாயிலைப் பதினாறில் இருந்து பத்தாகவும் மாற்றிவிட்டார்கள். தைவானில் 600 கிராம்; ஹாங்காங்கில் நம்முடையதே. மகள் படித்தது பொய்யல்ல. வேறு நாட்டு மெய்.

அம்மாவின் கட்டியும் நாலு தாயிலும் சேர்ந்தால் 756 கிராம். ஆக, ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். மகள் போட்டதோ ஒன்றேகால் கிலோவுக்கு மேற்பட்ட அரிசிக்கு 700 கிராம். பிறகு கல்லாகாமல் வேறென்ன ஆகும்?

சிங்கப்பூரில் 1970இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்தது. நம் நாட்டில் 1972இல் எடை அளவைச் சட்டம் வந்து, பத்தாண்டுகளில் கட்டியும் கந்தாங்கும் கடையை விட்டுப் படிப்படியாக இறங்கின. கடையை விட்டு இறங்கியது வாயை விட்டு இறங்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் பக்குவமெல்லாம் இன்னும் அந்தப் பழைய கணக்கில்தான் இருக்கிறது.

பாய் அன்று என்னைச் சும்மா விடவில்லை. "இதையும் பாருங்க" என்று, கடையில் விற்கும் 250 மில்லி லிட்டர் அளவுக் கோப்பை ஒன்றை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகக் கொட்டினார். அரிசி, சீனி, உளுந்து மூன்றும் 200 கிராமை ஒட்டியே வந்தன. பத்து இருபது முன்பின். ரவை 175. பொடியுப்பு 300! கடலை மாவு 110. கோதுமை மாவுதான் பெரிய ஏமாற்றுக்காரன். கரண்டியால் தூவி நிரப்பி வழித்தால் 125. கோப்பையையே மாவுக்குள் விட்டு வாரினால் 150. உங்கள் கேக் ஒரு வாரம் பஞ்சாகவும் மறுவாரம் செங்கல்லாகவும் வருகிறதென்றால் அடுப்பைத் திட்டாதீர்கள். துருவிய தேங்காய் 85 வந்தது. அமுக்கினால் எவ்வளவும் போகும், அதற்குக் கணக்கே கிடையாது.

கோப்பையிலும் ஜாதி உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அமெரிக்கப் புத்தகத்துக் கோப்பை 237 மில்லி லிட்டர். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் அரைப் பைன்ட், 284. அரிசிச் சட்டியோடு வரும் குவளை வெறும் 180; அது ஜப்பானியரின் பழைய 'கோ' அளவை; அதில் 150 கிராம் அரிசி பிடிக்கும். மேசைக் கரண்டி நமக்கு 15 மில்லி லிட்டர், ஆஸ்திரேலியர்களுக்கு 20. ஆகவே புத்தகம் எந்த ஊரில் அச்சானது என்று முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு உலை வையுங்கள்.

உங்கள் வீட்டில் அம்மா, மாமியார், பாட்டி யாருடைய டம்ளராவது இன்னும் இருக்கிறதா? இன்றைக்கே செய்யுங்கள். சமையல் தராசில் வெறும் டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். தண்ணீரை விளிம்புவரை ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி லிட்டர். தண்ணீருக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. துடைத்துவிட்டு, அவர் கையாலேயே அரிசியை அளக்கச் சொல்லி நிறுங்கள். பிறகு உளுந்து, பிறகு மாவு. அவர் கையால் என்பது முக்கியம். தலைதட்டுபவரா, கோபுரமாகக் குவிப்பவரா என்பது டம்ளருக்குத் தெரியாது.

பாய் அரிசிக்குக் காசு வாங்க மறுத்தார். வெல்லத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். முக்கால் கிலோவுக்குமேல் ஆறு கிராம் கூட வைத்து, "உங்கம்மா கணக்குப்படியே இருக்கட்டும்" என்றார்.

வீடு வந்ததும் மகளுக்குத் தகவல் சொன்னேன். அடுத்த விடுமுறைக்கே வந்துவிட்டாள். ஒரு கிலோ பச்சரிசியை நிறுத்த பிறகே ஊறப் போட்டோம். இதிலும் ஒரு சூட்சுமம். ஊறிய அரிசி தண்ணீர் குடித்துக் கால் பங்குக்கு மேல் கனம் கூடிவிடும். இடித்துச் சலித்த ஈர மாவோ பூவாகப் பொங்கி டின் கணக்கையே கெடுத்துவிடும். ஆகையால் அம்மா சொன்ன நாலு டின் காய்ந்த அரிசிக்குத்தான், மாவுக்கு அல்ல. இரண்டு மணி நேரம் ஊறி, வடித்து, நிழலில் துணிமேல் உலர்ந்து, கையில் ஈரம் ஒட்டும் பதத்தில் அரைத்தோம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சினோம். தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலால் உருட்டினால் மெத்தென்று திரளும் பதம். அந்தப் பதத்துக்கு மட்டும் எந்தத் தராசும் உதவவில்லை. அம்மாவை நாற்காலியோடு அடுப்படிக்குத் தூக்கிவந்து காட்டினோம். "இறக்கு" என்றார்; இறக்கினோம். ஏலக்காயும் சுக்கும் தட்டிப்போட்டு மாவைக் கொட்டிக் கிளறி மூடிவைத்தோம்.

"ஆயா, நீங்க சரியாத்தான் சொன்னீங்க. என் டின்தான் தப்பு" என்றாள் மகள்.

அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை. மூடியைத் திறக்கச் சொல்லி, கட்டைவிரலால் மாவை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். நக்கிப் பார்த்தார். "இது சரி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த டின்னு அடியில ஓட்டை விழுந்திருந்துச்சு. நீ போடலேன்னா நானே போட்டிருப்பேன்" என்றார்.

மகள் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். அரிசி 1 கிலோ, வெல்லம் 756 கிராம் என்று எழுதி முடித்து, "மாவு எத்தனை மணி நேரம் ஊறணும் ஆயா?" என்று கேட்டாள்.

"பொழுது விடியட்டும்" என்றார் அம்மா.